சப்போட்டா மரத்தின் தாயகத்திலே



இன்று நாம் ஒரு நெடும் பயணம் போகவிருக்கிறோம். கப்பல் கட்டணமும் விமானக் கட்டணமும் இல்லாத பயணம். வீட்டில் பிள்ளைகளிடம் உலகப் படம் இருந்தால் அதை எடுத்து விரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் இரவு மணி எட்டு அடிக்கும்போது, உலக உருண்டையின் மறுபக்கத்தில் உள்ள குவாத்தமாலா நாட்டில் அதே நாள் காலை மணி ஆறு. அந்நாடு வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியில், மெக்சிகோவுக்குத் தெற்கே இருக்கிறது. அதன் வடபகுதிக்குப் பெட்டேன் என்று பெயர். நாட்டின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுதான். நம் நாட்டைப் போலவே வெப்ப மண்டலம். நம்முடையதைப் போலவே நெடிய மரங்களும் பின்னிய கொடிகளும் நிறைந்த கானகம். அங்கேதான் மாயா மக்கள் பழங்காலத்தில் பெரும் நகரங்களைக் கட்டி வாழ்ந்தார்கள்.

இவ்வளவு தொலைவில் இருக்கும் காட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு நம் வாசலிலேயே நிற்கிறது. நாம் சப்போட்டா என்றும், மலாய்க்காரர்கள் சிக்கு என்றும் சொல்லும் மரம் அந்தக் கானகத்தின் பிள்ளை. ஸ்பானிய மொழியில் அதன் பெயர் 'சிக்கோசப்போத்தே'. மெக்சிகோவின் பழங்குடி மொழியாகிய நவாத்திலிருந்து ஸ்பானியர் எடுத்துக்கொண்ட சொல் அது. ஸ்பானியக் கப்பல்களில் ஏறிய இம்மரம் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு வந்தது. பின்பு நம் பக்கமும் பரவியது. வரும் வழியில் பெயர் இரண்டாக உடைந்தது. முன்பாதி மலாயில் 'சிக்கு' ஆயிற்று. பின்பாதி தமிழில் 'சப்போட்டா' ஆயிற்று. ஒரே பழத்தை ஆளுக்குப் பாதிப் பெயர் சொல்லி உண்கிறோம்!

இந்த மரத்தையே வழிகாட்டியாகக் கொண்டு புறப்படுவோம். மனத்தில் ஒரு கேள்வியையும் எடுத்துக்கொள்வோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நகரங்களை மூடிய அந்தக் காடு இன்றும் நிற்கிறதே, அது யாரால் நிற்கிறது?

முதலில் நாம் வந்து சேரும் ஊர் புளோரஸ். பெட்டேன் இட்சா என்னும் பெரிய ஏரியின் நடுவே உள்ள சிறு தீவு அது. கரையிலிருந்து ஊருக்குப் போகப் பாலம் போன்ற ஒரு சாலை உண்டு. இந்தத் தீவில்தான் இட்சா என்னும் மாயா இனத்தாரின் தலைநகரம் இருந்தது. ஸ்பானியர் மெக்சிகோவில் கால் வைத்து ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆன பின்பும் இத்தீவு அவர்களுக்குப் பணியவில்லை. 1697 மார்ச் மாதத்தில்தான் அது வீழ்ந்தது. இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏரியை விட்டு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் திக்கால் வருகிறது. 1979ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பழைய கட்டடங்களுக்காகவும் இயற்கை வளத்துக்காகவும் சேர்த்து, இரண்டு வகையிலும் சிறப்புப் பெற்ற இடங்கள் உலகில் மிகச் சிலவே. திக்கால் அவற்றுள் ஒன்று.

காட்டுக்குள் நுழைந்ததும் நமக்கு அறிமுகமான முகங்கள் சில தென்படுகின்றன. வானளாவ நிற்கும் அந்த மரத்தைப் பாருங்கள். அது இலவம் பஞ்சு மரம். தலையணைக்குள் நாம் அடைக்கும் பஞ்சைத் தரும் அதே இனம். மாயா மக்கள் இதனைப் புனித மரமாகப் போற்றுகிறார்கள். வேர் பாதாளத்தையும், அடிமரம் மண்ணுலகையும், கிளைகள் விண்ணுலகையும் தொடுகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. குவாத்தமாலாவின் தேசிய மரமும் இதுவே.

புதரோரமாக நடந்து போகும் அந்தக் குறுந்தும்பிக்கை விலங்கு, நம் பகாங் காடுகளில் வாழும் தாப்பிரின் உறவு. உலகில் தாப்பிர்கள் இரண்டு பக்கங்களில்தான் வாழ்கின்றன. ஒன்று தென்கிழக்காசியா, மற்றொன்று நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். மேலே பெரிய வண்ண அலகோடு பறப்பது டூக்கான் பறவை. பார்ப்பதற்கு நம் இருவாச்சியைப் போல இருந்தாலும் அது வேறு குடும்பம். விடியற்காலையில் புலி உறுமுவது போல ஓர் ஓசை காட்டையே அதிர வைக்கிறது. அஞ்ச வேண்டாம். அது அலறும் குரங்குகளின் குரல். உண்மையில் அஞ்ச வேண்டிய ஜாகுவார் ஓசைப்படாமல் நடக்கும்!

மரங்களுக்கு மேலே தலை நீட்டி நிற்கின்றன திக்காலின் கோயில்கள். நான்காம் எண் கோயில் ஏறத்தாழ 65 மீட்டர் உயரம். இருபது மாடிக் கட்டடத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். கி.பி. 8ஆம் நூற்றாண்டில், இரும்புக் கருவி இல்லாமல், பொதி சுமக்கும் மாடோ குதிரையோ இல்லாமல், சுண்ணாம்புக் கல்லை வெட்டிச் சுமந்து கட்டியிருக்கிறார்கள். கோயில் வாசல்களின் மேலே குறுக்கு விட்டமாக அவர்கள் வைத்த மரம் எது தெரியுமா? நம் சப்போட்டா மரம். அவ்வளவு வைரம் பாய்ந்த மரம் அது. மன்னர்களின் உருவங்களைச் செதுக்கிய அந்த விட்டங்களுள் சில 1,200 ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்னும் உளுத்துப் போகவில்லை.

இவ்வளவு பெரிய நகரத்துக்கு ஆறு கிடையாது. நம் நாட்டைப் போல் ஆண்டு முழுவதும் மழையும் கிடையாது. பல மாதங்கள் தொடர்ந்து வறட்சி. மழை பெய்தாலும் சுண்ணாம்புப் பாறை நீரை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் அவர்கள் பெரிய முற்றங்களைச் சாந்து பூசிச் சற்றுச் சாய்வாக அமைத்தார்கள். விழுந்த மழைநீர் வழிந்து குளங்களில் சேர்ந்தது. குளம் ஒன்றில் சியோலைட் என்னும் கனிமத்தையும் படிக மணலையும் இட்டு நீரை வடிகட்டியதற்கான சான்று கிடைத்ததாக 2020இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வு, அரண்மனையை அடுத்த குளங்களில் பாதரச நஞ்சும் நச்சுப் பாசியும் கலந்திருந்ததைக் கண்டறிந்தது. கட்டடங்களுக்குப் பூசிய சிவப்பு வண்ணத்திலிருந்து பாதரசம் மழையில் கரைந்து வந்தது என்பது அவர்கள் கருத்து.

திக்காலில் ஆண்டு குறித்து நாட்டப்பட்ட கடைசிக் கல், கி.பி. 869ஐச் சேர்ந்தது. அதன்பின் நகரம் வெறிச்சோடியது. நீண்ட வறட்சி, அரசுகளுக்கிடையே ஓயாத போர், காடு அழிப்பு, கெட்டுப்போன நீர் எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். 'மாயா மக்கள் மறைந்தே போனார்கள்' என்று பழைய புத்தகங்கள் சில எழுதின. அது சரியன்று. நகரம் ஒழிந்தது, மக்கள் ஒழியவில்லை. வடக்கே யுகத்தானுக்கும், ஏரிக் கரைகளுக்கும் பெயர்ந்து வாழ்ந்தார்கள். 1697ஐ நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? திக்கால் வெறிச்சோடி 800 ஆண்டுகள் கழித்தும் அந்த ஏரித் தீவில் மாயா மன்னர் ஆண்டுகொண்டிருந்தார்.

திக்காலிலிருந்து மண் சாலையில் வடக்கே 20 கிலோமீட்டர் அளவில் சென்றால் வாஷாக்தூன் என்னும் சிற்றூர் வருகிறது. பழைய கோயில்களுக்கு நடுவே ஓர் ஊர். இங்கேதான் நம் சப்போட்டா மரம் தன் வேறொரு முகத்தைக் காட்டுகிறது.

இந்த மரத்தின் பட்டையை வெட்டினால் வெண்மையான பால் வடியும். அதற்குச் சிக்லே என்று பெயர். பாலெடுக்கும் தொழிலாளியைச் சிக்லேரோ என்பார்கள். இன்று நம் தோட்டங்கள் பலவற்றில் செம்பனை நின்றாலும், பால்வெட்டு அறியாத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் குறைவு. ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

நம்மவர்கள் உளியால் பட்டையைச் சீவி, மங்கில் பால் பிடிப்பார்கள். சிக்லேரோ இடுப்பையும் மரத்தையும் சேர்த்துக் கயிறு சுற்றிக்கொண்டு, வெட்டுக்கத்தியால் வலமும் இடமுமாக மாறி மாறி வெட்டியபடியே மேலே ஏறுவார். பால் அந்த நெளிந்த வாய்க்கால் வழியே இறங்கி, அடியில் கட்டிய பையில் சேரும். நம் தோட்டங்களில் மழை வந்தால் பால்வெட்டு நின்றுவிடும். அங்கே மழைக் காலத்தில்தான் வெட்டு. நம் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் சீவலாம். சப்போட்டா மரத்தை ஒருமுறை வெட்டினால் பல ஆண்டுகள் ஆறவிட வேண்டும். ஆழமாக வெட்டிவிட்டால் மரம் பட்டுப் போகும். நம் மரங்கள் வரிசையாக நட்டவை. அவர்களுடைய மரங்கள் காட்டில் தாமாக வளர்ந்தவை. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் காட்டு வழியே தேடித் தேடி நடக்க வேண்டும். சேர்த்த பாலைக் கொப்பரையில் காய்ச்சி, அச்சில் வார்த்துக் கட்டியாக்கி, கோவேறு கழுதை மேல் ஏற்றி அனுப்புவார்கள்.

எதற்காக அனுப்பினார்கள்? மெக்சிகோவின் முன்னாள் அதிபர் சாந்தா அன்னா 1860களில் நாடு கடத்தப்பட்டு நியூயார்க் பக்கம் வாழ்ந்தபோது, ரப்பருக்கு மாற்றாக இதை விற்கலாம் என்று எண்ணினார். தாமஸ் ஆடம்ஸ் என்னும் வணிகர் முயன்று பார்த்தார். ரப்பர் ஆகவில்லை. ஆனால் மெல்லுவதற்கு நன்றாக இருந்தது! அதைத்தான் நாம் சூயிங்கம் என்கிறோம். 1871இல் ஆடம்ஸ் அதற்குக் காப்புரிமை பெற்றார். பல பத்தாண்டுகள் அமெரிக்கர்கள் மென்றதெல்லாம் இந்தக் காட்டு மரத்தின் பால்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எண்ணெயிலிருந்து செய்த செயற்கைப் பிசின் மலிவாகக் கிடைத்தது. சிக்லே வாணிகம் சரிந்தது. செயற்கை ரப்பர் வந்தபோது நம் பால்மரத்துக்கு வந்த சோதனை நமக்குத் தெரியும். அவர்களுக்கும் அதே சோதனைதான்.

ஆனால் காட்டை அந்தத் தொழிலாளிகள் கால்நடையாகவே அளந்து வைத்திருந்தார்கள். அவர்கள் சொல்லித்தான் பல பழைய நகரங்களை அறிஞர்கள் அறிந்தார்கள். வாஷாக்தூன் என்னும் பெயரை 1916இல் சூட்டிய சில்வானஸ் மோர்லி என்னும் ஆய்வாளர், புதிய கல்வெட்டைப் பற்றிச் சேதி கொண்டுவரும் சிக்லேரோவுக்குப் பரிசு தருவதாகவே அறிவித்திருந்தார்.

சிக்லே போனபின் காடு என்ன ஆகும் என்பதே கேள்வி. 1990இல் குவாத்தமாலா அரசு பெட்டேனின் வடபகுதியில் ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை மாயா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பகாங் மாநிலத்தில் ஐந்தில் மூன்று பங்குக்கு ஒப்பான பரப்பு. அதற்குள் சில பகுதிகளை யாரும் தொடக்கூடாத தேசியப் பூங்காக்கள் ஆக்கினார்கள். வேறு சில பகுதிகளை, அங்கேயே வாழும் ஊர் மக்களிடம் 25 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைத்தார்கள். வாஷாக்தூனும் கார்மெலிதாவும் அப்படிப்பட்ட ஊர்கள். இம்மக்கள் எல்லாரும் மாயா மரபினர் அல்லர். கலப்பின மக்களும் அவர்களிடையே உண்டு. ஆனால் எல்லாரும் காட்டை நம்பிப் பிழைப்பவர்கள்.

ஒப்பந்தப்படி அவர்கள் மரம் வெட்டலாம். ஆனால் ஒரு ஹெக்டேருக்கு ஒரு சில மரங்களே. அதுவும் ஆண்டுக்கு ஒரு பகுதியில் மட்டுமே. சிக்லே எடுக்கலாம். பூங்கொத்துகளில் வைக்கும் ஷாத்தே என்னும் சிறு பனை இலையைக் கொய்து ஏற்றுமதி செய்யலாம். நம் பலாவின் குடும்பத்தைச் சேர்ந்த ராமோன் மரத்தின் விதைகளைப் பொறுக்கி மாவாக்கலாம். அதற்கு ஈடாக அவர்களே தீத்தடுப்புப் பாதை வெட்டி, காட்டைச் சுற்றிக் காவல் போக வேண்டும்.

விளைவு என்ன? காட்டில் மனிதனை விட்டால் காடு அழியும் என்றே பலரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. காப்பகத்தின் மேற்கே லகூனா டெல் தீக்ரே என்னும் தேசியப் பூங்காவில், சட்டம் தடுத்தும், மாட்டுப் பண்ணைகளுக்காகப் பரந்த காடுகள் கொளுத்தப்பட்டன. ஊர் மக்கள் நெடுங்காலமாகப் பொறுப்பில் வைத்திருந்த காடுகளிலோ அழிவு மிக மிகக் குறைவு. விண்கோள் படங்களில் அந்த எல்லையைக் கண்ணாலேயே காணலாம். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் பழுப்பு. தன் பிள்ளையின் சோறு எந்த மரத்தில் இருக்கிறதோ அந்த மரத்துக்கு மனிதன் காவல் நிற்பான். கேள்விக்குப் பாதி விடை இங்கே கிடைத்துவிட்டது.

மறுபாதியைத் தேடி வடக்கே மெக்சிகோ எல்லையைக் கடப்போம். யுகத்தான் தீபகற்பத்தில் மானி என்று ஓர் ஊர். 1562ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், தியேகோ தே லாந்தா என்னும் ஸ்பானியப் பாதிரியார், மாயா மக்களின் ஏடுகளை இங்கே தீயிலிட்டார். மரப்பட்டைத் தாளில் வண்ணத்தால் எழுதிய நூல்கள் அவை. உலகில் இன்று எஞ்சியிருக்கும் பழைய மாயா நூல்கள் நான்கே நான்கு.

அந்த நூல்களில் இருந்த அறிவைச் சிறிது சொல்ல வேண்டும். மாணவ மணிகளே, தாளும் பென்சிலும் எடுங்கள். ஒரு புள்ளி வைத்தால் ஒன்று. ஒரு கோடு போட்டால் ஐந்து. இரண்டு கோடும் மூன்று புள்ளியும் சேர்ந்தால் பதின்மூன்று. சிப்பி ஒன்று வரைந்தால் சுழியம். நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். அவர்கள் இருபது இருபதாக எண்ணினார்கள். கீழே சிப்பியும் அதன் மேலே ஒரு புள்ளியும் வைத்தால் இருபது. ஐரோப்பியர் சுழியத்தை அறிவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவர்கள் அதைக் கல்லில் செதுக்கிவிட்டார்கள்.

இவர்கள் எழுத்தை வாசிக்கும் வழி நெடுங்காலம் தெரியவில்லை. 1952இல் ரஷ்ய அறிஞர் யூரி குனோரோசவ் அதற்கு வழி திறந்தார். அவருக்குத் திறவுகோலாய் அமைந்தது எது? நூல்களை எரித்த அதே லாந்தா, மாயா எழுத்துகளைப் பற்றி எழுதி வைத்திருந்த குறிப்பு! எரித்த கையே விதையும் விட்டுச் சென்றிருந்தது.

கடைசியாக, புறப்பட்ட ஏரிக்கே திரும்புவோம். ஏரியின் வடகரையில் சான் ஹோசே என்னும் ஊர். 1697 வரை பணியாதிருந்த இட்சா மக்களின் வழித்தோன்றல்கள் இங்கே வாழ்கிறார்கள். குவாத்தமாலாவில் 22 மாயா மொழிகள் உண்டு. கிச்சே போன்றவை இலட்சக்கணக்கானோர் பேசும் மொழிகள். இட்சா மொழியைச் சரளமாகப் பேசுவோரோ இன்று முதியவர் ஒரு சிலரே. ஏன் இந்த நிலை? 1930களில் அம்மொழி பேசுவது தடை செய்யப்பட்டது. பள்ளியில் அதைப் பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டார்கள். அடி வாங்கிய அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தம் பிள்ளைகளும் அடி வாங்க வேண்டாம் என்று வீட்டிலும் அம்மொழியை நிறுத்திக்கொண்டார்கள். போரில் பணியாத மொழி, பிரம்புக்குப் பணிந்தது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இதைவிட உறைக்கும் செய்தி வேறில்லை.

ஒரு மொழி போனால் சொற்கள் மட்டுமா போகின்றன? எந்தப் பட்டை காய்ச்சலுக்கு ஆகும், எந்தப் பழத்தை எந்தப் பறவை தின்று விதைக்கும், எந்த மரத்தை எப்போது வெட்டலாகாது என்னும் அறிவெல்லாம் அந்தப் பெயர்களோடு கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மரத்தின் பெயர் மறந்த தலைமுறைக்கு அது வெறும் விறகு. சான் ஹோசே மக்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். 1990களிலிருந்து அவர்கள் தங்கள் காட்டில் ஒரு பகுதியைத் தாங்களே காப்பகமாக வைத்து, மூலிகைத் தோட்டம் போட்டு, முதியவர்களிடமிருந்து மொழியைப் பிள்ளைகளுக்குக் கொண்டுசெல்ல முயன்று வருகிறார்கள். 2003இல் குவாத்தமாலா அரசும் மாயா மொழிகளை நாட்டின் மொழிகளாகச் சட்டத்தில் ஏற்றது. சட்டம் பிந்தி வந்தது, ஆனாலும் வந்தது.

ஆக, கேள்விக்கு விடை இதுதான்: அந்தக் காடு வேலியால் நிற்கவில்லை. அதை நம்பிப் பிழைக்கும் உரிமை உடையவர்களாலும், அதன் மரங்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர்களாலும் நிற்கிறது. இரண்டில் ஒன்று போனாலும் காட்டுக்கு ஆபத்து.

விடைபெறுமுன் மாணவ மணிகளுக்கு ஒரு வீட்டுப் பாடம். இந்த வாரம் பாட்டி அல்லது தாத்தாவுடன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். கண்ணில் படும் ஒவ்வொரு செடிக்கும் மரத்துக்கும் அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், எதற்கு ஆகும் என்கிறார்கள் என்று ஒரு புத்தகத்தில் எழுதுங்கள். இருபது பெயர்கள் சேர்ந்ததும் கீழே ஒரு சிப்பி வரைந்து, மேலே ஒரு புள்ளி வையுங்கள்.